டிஸ்க் பத்திரமாக இருந்தும் சிஸ்டம் எழாதது ஏன்? மெய்நிகர் மெயின்ஃப்ரேமில் பேரிடர் மீட்பின் ஓட்டைகளைத் தேடி அடைக்க ஒரு முழு வழிகாட்டி

டிஸ்குகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ரெப்ளிகேஷன் (டிஸ்குகளை இன்னொரு சைட்டுக்குத் தொடர்ந்து நகலெடுப்பது) திரையில் அசல்-பிரதி ஜோடி ஒன்றுகூட சிவப்பில் இல்லை. டிஆர் (பேரிடர் மீட்பு) சைட்டில் இசட்/விஎம்-ஐ, அதாவது ஒரே மெயின்ஃப்ரேமில் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசரை, ஐபிஎல் (பூட்) செய்தோம், அதுவும் எழுந்தது. ஆனால் அதன் மேல் ஓடும் லினக்ஸ் கெஸ்ட் (மெய்நிகர் மெஷின்) ஒன்றுக்கும் நெட்வொர்க் இல்லை. விஸ்விட்ச் (மெய்நிகர் நெட்வொர்க் சுவிட்ச்) ஒன்றுகூட உருவாகவில்லை. இரண்டு மணி நேரம் கேபிளை, ஓஎஸ்ஏ நெட்வொர்க் கார்டை, வெளியே இருக்கும் சுவிட்சை எல்லாம் சந்தேகப்பட்டோம். கடைசியில் ஒருவர் கன்சோல் திரையின் வலது கீழ் மூலையைக் காட்டினார். அங்கே எங்கள் சிஸ்டத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ பெயர் இருந்தது.

நடந்தது இதுதான். இசட்/விஎம் எழும்போது சிஸ்டம் கான்ஃபிக் என்ற கோப்பைப் படிக்கிறது. அதில் ‘இந்த மாடல், இந்த சிபியூ எண் என்றால் உன் பெயர் இது’ என்று ஒரு வரி இருக்கும். டிஆர் மெஷினின் சிபியூ எண் வேறு. அதனால் எந்த வரியும் பொருந்தவில்லை, சிஸ்டம் இயல்புநிலைப் பெயரை எடுத்துக்கொண்டது. விஸ்விட்ச் வரிகள் எல்லாம் பழைய பெயரை முன்னொட்டாகப் போட்டு எழுதப்பட்டிருந்தன. பெயர் பொருந்தாததால் அவை அத்தனையும் தாண்டப்பட்டன. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, ஏனென்றால் சிஸ்டத்தைப் பொறுத்தவரை அது பிழையே அல்ல. முன்கூட்டியே ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த இரண்டு மணி நேரம் மிச்சம்.

அன்றிலிருந்து டிஆர் திட்டத்தைப் பார்க்கும் என் கண் மாறிவிட்டது. டேட்டா மறுபக்கம் போய்விடும், அந்த வேலையை ஸ்டோரேஜ் நன்றாகவே செய்கிறது. டேட்டாவைச் சுற்றி இருக்கும் அடையாளங்கள்தான் கூடப் போவதில்லை. பெயர், எண், முகவரி, சாவி இவற்றில் ஏதாவது ஒன்று பழைய இடத்திலேயே தங்கிவிடும். இந்த வழிகாட்டி அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதற்கானது. இசட்/விஎம், அதன் மேல் லினக்ஸ் கெஸ்ட், பக்கத்து எல்பாரில் (மெஷினின் ஒரு தனிப் பிரிவு) மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ் என்று இருக்கும் ஓர் அமைப்பை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: அடுக்குகளையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் எழுதுங்கள்

மெஷினோடு வரும் ஹைப்பர்வைசரான பிஆர்/எஸ்எம் 1988-இலிருந்து ஒரே மெஷினை எல்பார்களாகப் பிரித்துக் கொடுக்கிறது. இசட்/விஎம்-இன் மூதாதையான விஎம்/370 அறிவிக்கப்பட்டது 1972-இல். இவ்வளவு காலம் பழகிய தொழில்நுட்பம் என்பதால், அதன் மீட்பும் பழகியிருக்கும் என்று மேலாளர்கள் நம்பிவிடுகிறார்கள். இசட்/ஓஎஸ் பக்கம் அது பெரும்பாலும் உண்மை. இசட்/விஎம் பக்கம், ‘அதையும் சேர்த்து மிரர் செய்கிறோம்’ என்ற ஒரே வாக்கியத்தோடு திட்டம் முடிந்துவிடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஒரு தாளை எடுங்கள். ஹார்ட்வேர், எல்பார், ஹைப்பர்வைசர், கெஸ்ட், அப்ளிகேஷன் என்று ஐந்து வரிசை போடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இந்த அடுக்கு எழுவதற்கு என்னென்ன தகவல் வேண்டும்? அது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது? அதை டிஆர் சைட்டுக்குக் கொண்டுபோவது யார் பொறுப்பு?

மூன்றாவது கேள்வியில்தான் ஓட்டை தெரியும். எல்பாரின் இமேஜ் புரொஃபைலும் (அதன் புராசஸர், நினைவக ஒதுக்கீடு) லோட் புரொஃபைலும் (எங்கிருந்து ஐபிஎல் செய்வது) மெஷினின் கட்டுப்பாட்டுக் கணினியான சப்போர்ட் எலிமென்ட்டில் இருக்கின்றன. அவை டிஸ்கில் இல்லை, எனவே எந்த ரெப்ளிகேஷனிலும் போகாது. ஸ்டோரேஜ் குழு ‘டிஸ்க் எங்கள் வேலை’ என்பார்கள், இசட்/விஎம் குழு ‘எச்எம்சி (மெஷினை நிர்வகிக்கும் கன்சோல்) ஹார்ட்வேர்காரர்கள் கையில்’ என்பார்கள், லினக்ஸ் குழுவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சொந்தக்காரர் கட்டம் காலியாக இருக்கும் ஒவ்வொரு வரியும் ஓர் ஓட்டை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: மீட்புப் புள்ளி ஒன்றா, இரண்டா என்று பாருங்கள்

எவ்வளவு டேட்டா இழக்கலாம் என்பது ஆர்பிஓ, எவ்வளவு நேரத்தில் எழ வேண்டும் என்பது ஆர்டிஓ. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இவற்றை சர்வர் வாரியாக எழுதிவைத்தால் மெய்நிகர் சூழலில் அது ஏமாற்றிவிடும். சேவை வாரியாக எழுத வேண்டும்.

ஓர் உதாரணம். லினக்ஸ் கெஸ்ட்டில் ஓடும் அப்ளிகேஷன் ஒரு பரிவர்த்தனையை உறுதிசெய்து, உறுதி எண்ணைத் தன் டிஸ்கில் எழுதுகிறது. பணக் கணக்கு இசட்/ஓஎஸ்-இல் டிபி2 டேட்டாபேஸில் இருக்கிறது. இசட்/ஓஎஸ் டிஸ்குகள் ஒரு கன்சிஸ்டென்சி குரூப்பில் (ஒரே நேரப் புள்ளியில் சேர்ந்து மீளும் டிஸ்க் தொகுதி), லினக்ஸ் டிஸ்குகள் இன்னொன்றில். பேரிடர் வந்ததும் இரண்டும் தனித்தனியே சரியாக மீண்டுவிடும், ஆனால் சில வினாடி வித்தியாசத்தில். லினக்ஸ் ‘முடிந்தது’ என்கிறது, டிபி2 ‘அப்படி ஒன்று வரவே இல்லை’ என்கிறது. இரண்டு குழுக்களின் அறிக்கையிலும் ‘மீட்பு வெற்றி’ என்றுதான் இருக்கும்.

பேரிடர் ஒரே நொடியில் வந்து முடிவதும் இல்லை. முதலில் ஒரு கன்ட்ரோல் யூனிட்டின் (டிஸ்குகளைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இணைப்பு போகும், மற்றவை இன்னும் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் மறுபக்கத்து டிஸ்குகள் வெவ்வேறு நேரத்தைக் காட்டும் கலவையாகிவிடும். இதைத் தடுக்கத்தான் ஜிடிபிஎஸ் போன்ற மீட்புத் தானியக்க மென்பொருள்கள் ஃப்ரீஸ் செய்கின்றன: ஒரு ஜோடியில் பிரதி நின்றாலே எல்லா ஜோடிகளையும் ஒரே புள்ளியில் நிறுத்திவிடும். ஆனால் ஃப்ரீஸ் வளையத்துக்குள் இல்லாத டிஸ்க்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எனவே செய்ய வேண்டியது: இசட்/விஎம்-இல் ஆன்லைனில் இருக்கும் எல்லா வால்யூம்களின் (டிஸ்குகளின்) பட்டியலை எடுங்கள். கெஸ்ட்டுகள் நேரடியாகப் பயன்படுத்தும் எஃப்சிபி லன்களின் (ஃபைபர் சேனல் வழியாகத் தெரியும் டிஸ்குகள்) பட்டியலை லினக்ஸ் பக்கமிருந்து எடுங்கள், ஏனென்றால் அவை இசட்/விஎம்-இன் பட்டியலில் வராது. இரண்டையும் சேர்த்து, ரெப்ளிகேஷன் செஷனில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். முதல் முறை ஒப்பிடும்போது விடுபட்ட டிஸ்க் ஒன்றாவது கிடைக்காமல் போனால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். யாரோ ஓர் அவசரத்தில் ஒரு கெஸ்ட்டுக்கு இடம் சேர்த்திருப்பார்கள், மிரர் செய்யச் சொல்ல மறந்திருப்பார்கள். அதன் மேல் எல்விஎம் (பல டிஸ்குகளை ஒரே வால்யூம் குரூப்பாக இணைக்கும் லினக்ஸ் வசதி) போட்டிருந்தால், விடுபட்டது ஒரே டிஸ்க் என்றாலும் அந்த வால்யூம் குரூப் முழுமையாக எழாது. இந்த ஒப்பீட்டை ஒரு ஸ்கிரிப்டாக்கி வாரம் ஒரு முறை ஓடவிடுங்கள்.

தூரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 5 மைக்ரோ வினாடி எடுக்கிறது, போய்வர 10. நூறு கிலோமீட்டர் என்றால் டிஸ்கில் எழுதும் ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது 1 மில்லி வினாடி கூடுதல். மறுபக்கமும் எழுதி முடியும்வரை காத்திருக்கும் மெட்ரோ மிரர் 300 கிலோமீட்டர் வரை ஆதரிக்கப்படுகிறது என்பதற்காக உங்கள் அப்ளிகேஷன் அதைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. தாங்காமல், காத்திருக்காமல் சற்றுப் பின்தங்கி நகலெடுக்கும் குளோபல் மிரருக்குப் போனால் ஆர்பிஓ பூஜ்யமாக இருக்காது. அதைத் தாளில் எழுதி, வணிகத் தரப்பிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுதாமல் விட்டால் அதுவே பின்னால் சண்டையாக வரும்.

படி 3: ஹைப்பர்வைசரின் சொந்தச் சொத்துகளைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பெரும்பாலான திட்டங்களில் இந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும்.

முதலில் சிஸ்டம் கான்ஃபிக். ஆரம்பத்தில் சொன்ன கதை உங்களுக்கு நேராமல் இருக்க, டிஆர் மெஷினின் மாடலும் சிபியூ எண்ணும் அதே சிஸ்டம் பெயரைத் தரும்படி ஒரு சிஸ்டம் ஐடென்டிஃபையர் வரி சேருங்கள். எல்பார் பெயரை வைத்துப் பொருத்தும் வடிவமும் உண்டு. இரண்டு சைட்டிலும் எல்பாருக்கு ஒரே பெயர் வைக்க முடிந்தால் எனக்கு இதுதான் பிடித்த வழி, மெஷினை மாற்றினாலும் வரியைத் தொட வேண்டியதில்லை.

அடுத்து ஸ்பூல். ஸ்பூல் என்றால் பிரின்ட் வரிசை, போனால் போகட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. இசட்/விஎம்-இல் நேம்டு சேவ்டு சிஸ்டங்களும் (பெயர் சொல்லி ஐபிஎல் செய்யச் சேமித்தவை) பகிர்ந்த செக்மென்ட்டுகளும் (கெஸ்ட்டுகள் பகிரும் நினைவகப் பகுதிகள்) ஸ்பூலில்தான் இருக்கின்றன. இசட்/விஎம்-இன் சிறு இயங்குதளமான சிஎம்எஸ்ஸே அப்படித்தான் சேமிக்கப்பட்டிருக்கும். ‘முக்கியமில்லை’ என்று ஸ்பூல் வால்யூமை ரெப்ளிகேஷனிலிருந்து விலக்கினால், டிஆரில் எந்த சர்வீஸ் மெஷினும் (சிஸ்டத்துக்கு உதவும் கெஸ்ட்) வழக்கம்போல் ‘ஐபிஎல் சிஎம்எஸ்’ என்று எழ முடியாது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, வழக்கமான டிஆர் டெஸ்ட்டில் அது தெரியாது. இசட்/விஎம் ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்போது வார்ம் ஸ்டார்ட்டுக்கான (ஸ்பூலை அப்படியே வைத்து எழுவதற்கான) தகவலை எழுதிவைக்கிறது. டெஸ்ட்டுக்கு முன் எல்லாவற்றையும் அழகாக ஷட்டவுன் செய்துவிட்டுப் பிரதியை எடுத்தால், டிஆரில் வார்ம் ஸ்டார்ட் சுமுகமாக நடக்கும். உண்மைப் பேரிடரில் யாரும் ஷட்டவுன் செய்யப் போவதில்லை. அப்போது ஃபோர்ஸ் ஸ்டார்ட் (மீட்க முடிந்த ஸ்பூல் கோப்புகளோடு எழுவது) தேவைப்படும், அதுவும் கைகொடுக்காவிட்டால் கோல்ட் அல்லது கிளீன். கோல்ட் ஸ்டார்ட் சாதாரண ஸ்பூல் கோப்புகளை அழிக்கும், சேவ்டு சிஸ்டங்களை விட்டுவைக்கும். கிளீன் ஸ்டார்ட் அனைத்தையும் துடைத்துவிடும். இரவு மூன்று மணிக்குக் களைத்துப்போன ஓர் ஆபரேட்டர் இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பார்? அந்த முடிவு ரன்புக்கில் (படிப்படியான செயல்குறிப்பில்) எழுதியிருக்க வேண்டும், காரணத்தோடும் வரிசையோடும். கூடவே எஸ்பிஎக்ஸ்டேப் கட்டளையால் சிஸ்டம் டேட்டா கோப்புகளை (சேவ்டு சிஸ்டங்கள் போன்றவற்றை) அவ்வப்போது டம்ப் செய்துவையுங்கள். கிளீன் வரை போய்விட்டாலும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். சேவ் செய்த சிஎம்எஸ் இல்லாவிட்டால் 190 மினிடிஸ்கிலிருந்து (மினிடிஸ்க் என்பது கெஸ்ட்டுக்குத் தனி டிஸ்காகக் காட்டப்படும் டிஸ்க் பகுதி) நேரடியாக ஐபிஎல் செய்ய முடியும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

நினைவகம் போதாதபோது அதன் பகுதிகளை ஒதுக்கிவைக்கும் பேஜ் வால்யூம்கள் நேர் எதிர். அவற்றைப் பிரதி எடுக்கத் தேவையில்லை, அதில் இருப்பது மெஷின் நின்றதும் செத்துப்போகும் டேட்டா. பல இடங்களில் அலைவரிசையை மிச்சப்படுத்த அவற்றை விலக்கிவைக்கிறார்கள், அது சரியான முடிவுதான். ஆனால் டிஆர் சைட்டில் அதே லேபிளோடு, ஃபார்மட் செய்து, பேஜ் இடமாக ஒதுக்கிய டிஸ்குகள் தயாராக இருக்கின்றனவா? விலக்கிவைத்தவர் இதைச் செய்துவைக்கவில்லை என்றால் சிஸ்டம் பேஜ் இடமே இல்லாமல் எழும், முதல் சுமையிலேயே விழும்.

எந்த கெஸ்ட்டுக்கு என்னென்ன உண்டு என்று சொல்லும் டைரக்டரியில் கவனிக்க வேண்டியது அதன் இரண்டு வடிவங்கள். சிஸ்டம் பயன்படுத்துவது ஆப்ஜெக்ட் வடிவம், மனிதர் படிப்பதும் திருத்துவதும் சோர்ஸ் வடிவம். டைரக்டரியை நிர்வகிக்கும் டிர்மெய்ன்ட் வைத்திருந்தால் சோர்ஸ் அதன் மினிடிஸ்கில் இருக்கும். இரண்டும் ஒரே கன்சிஸ்டென்சி குரூப்பில் இருக்கட்டும். அதோடு டைரக்டரியின் எழுத்து வடிவப் பிரதி ஒன்றை மெயின்ஃப்ரேமுக்கு வெளியே, பூட்டிய இடத்தில் வையுங்கள். கடவுச்சொற்கள் அதில் வெளிப்படையாக இருக்கக்கூடும் என்பதால்தான் பூட்டச் சொல்கிறேன்.

எஸ்எஸ்ஐ கிளஸ்டர் (பல இசட்/விஎம்-களை ஒன்றாக நடத்தும் அமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இசட்/விஎம் 6.2-இல் நான்கு உறுப்பினரோடு வந்தது, 7.3-இல் எட்டு வரை போகலாம். ஓடும் கெஸ்ட்டை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த அருமையான வசதி. ஆனால் அது திட்டமிட்ட பராமரிப்புக்கானது. ஒரு உறுப்பினர் திடீரென விழுந்தால் அதிலிருந்த கெஸ்ட்டுகளும் விழும், வேறோர் இடத்தில் புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். ‘எங்களிடம் எஸ்எஸ்ஐ இருக்கிறது, டிஆர் தேவையில்லை’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். டிஆரில் கிளஸ்டரை எழுப்பும்போது, பிரதியெடுத்த பிடிஆர் பதிவில் (கிளஸ்டரின் நிலையை டிஸ்கில் வைத்திருக்கும் குறிப்பு) மற்ற உறுப்பினர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகவே இருக்கும். உண்மையில் அவர்கள் நின்றுவிட்டார்கள் என்று உறுதிசெய்த பிறகு, அவர்களை ‘டவுன்’ என்று அறிவிக்கும் கட்டளை ரன்புக்கில் இருக்கட்டும்.

படி 4: முகவரிகள்

கெஸ்ட்டின் டைரக்டரிப் பதிவில் டெடிகேட் வரிகள் உண்மையான சாதன எண்ணைச் சொல்கின்றன. டிஆர் சைட்டின் ஐஓடிஎஃப்-இல் (சாதன எண்களை வரையறுக்கும் கோப்பு) அந்த எண்ணுக்கு வேறு சாதனம் இருந்தால், கெஸ்ட் தவறானதைப் பிடிக்கும் அல்லது எதையும் பிடிக்காது. இரண்டு சைட்டிலும் ஒரே சாதன எண்களை வைத்துக்கொள்வதே நல்லது. முடியாவிட்டால் வேறுபாடுகளை ஓர் அட்டவணையாக வையுங்கள்.

எஃப்சிபி வழியாக லன் பயன்படுத்தும் லினக்ஸ் கெஸ்ட்டுகள்தான் அதிகம் தொல்லை கொடுக்கும். டிஆர் ஸ்டோரேஜின் டபிள்யூடபிள்யூபிஎன் (ஃபைபர் சேனல் போர்ட்டின் முகவரி) வேறு. பழையது எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: டைரக்டரியின் லோட்டெவ் வரியில் (எந்த லன்னிலிருந்து பூட் செய்வது), ஜிப்ல் என்ற பூட் லோடர் கருவி எழுதிய பூட் பதிவின் கர்னல் அளவுருக்களில், இனிட்ராம்டிஸ்குக்குள் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் கோப்புத் தொகுதி), மல்டிபாத் கோப்பில் (ஒரே டிஸ்குக்கான பல பாதைகளின் அமைப்பு). ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை மறந்தால் கெஸ்ட் பாதிவரை பூட் ஆகி, ரூட் டிஸ்கைத் தேடித் தேடி, டிராகட் அவசர ஷெல்லில் போய் நிற்கும். நூறு கெஸ்ட்டுகள் அப்படி நின்றால் நூறு கன்சோலில் கையால் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். என்பிஐவி-யும் (ஒவ்வொரு எஃப்சிபி சாதனத்துக்கும் தனி டபிள்யூடபிள்யூபிஎன் தருவது) தானியங்கி லன் தேடலும் சேர்த்துப் பயன்படுத்தினால் இந்த எண்களில் பெரும்பகுதியை கர்னல் வரியிலிருந்தே எடுத்துவிடலாம். அப்போதும் டிஆர் பக்கத்து சோனிங்கும் லன் மாஸ்கிங்கும் (யார் எந்த லன்னைப் பார்க்கலாம் என்ற அனுமதிகள்) முன்பே முடிந்திருக்க வேண்டும். என்பிஐவி-யில் கெஸ்ட் பக்கத்து டபிள்யூடபிள்யூபிஎன்னும் மெஷினோடு மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மினிடிஸ்க் மட்டும் பயன்படுத்துபவர்களும் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். எந்த டிஸ்கை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் டிஸ்கை ‘பை-ஐடி’ வழியாகக் குறித்திருந்தால், அந்தப் பெயருக்குள் ஸ்டோரேஜ் பெட்டியின் சீரியல் எண் ஒளிந்திருக்கும். பெட்டி மாறினால் பெயரும் மாறும். யூயூஐடி (கோப்பமைப்பின் சொந்த அடையாள எண்) அல்லது ‘பை-பாத்’ பயன்படுத்துங்கள். எல்லா கெஸ்ட்டுகளிலும் ஒரு கிரெப் (சொல் தேடல்) ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரே லேபிளில் இரண்டு டிஸ்க் தெரிவது இன்னொரு பொறி. பிரதிக்கும் அசலுக்கும் லேபிள் ஒன்றுதான். ஃபிளாஷ்காப்பி (ஒரு நொடியின் நிலையை ஸ்டோரேஜே எடுக்கும் நகல்) எடுத்த டெஸ்ட் பிரதியும் அப்படியே. இரண்டும் ஒரே எல்பாருக்குத் தெரிந்தால் இசட்/விஎம் முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளும், அது நீங்கள் நினைத்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேவையற்ற சாதன எண் வரம்புகளை ஐபிஎல் சமயத்தில் ஆஃப்லைனில் வைக்கும்படி சிஸ்டம் கான்ஃபிக்கில் எழுதுங்கள்.

படி 5: சாவிகள்

மறையாக்கம் செய்த டிஸ்க் பத்திரமாக மறுபக்கம் வந்துவிட்டது, ஆனால் திறக்கவில்லை. இதைவிட மனம் உடைக்கும் காட்சியை நான் டிஆரில் பார்த்ததில்லை.

இசட்/ஓஎஸ்-இன் மறையாக்க சேவையான ஐசிஎஸ்எஃப்-இன் சாவிகளும், லினக்ஸில் பாதுகாப்பான சாவியால் மறைத்த வால்யூம்களும், கிரிப்டோ எக்ஸ்பிரஸ் என்ற மறையாக்கக் கார்டின் மாஸ்டர் சாவியால் மூடப்பட்டவை. மாஸ்டர் சாவி கார்டுக்குள் இருக்கிறது, டிஸ்கில் இல்லை, எனவே மிரரில் போகாது. டிஆர் மெஷினில் அதற்குரிய டொமைனில் (கார்டின் தனிப் பிரிவில்) அதே மாஸ்டர் சாவியை முன்பே ஏற்றியிருக்க வேண்டும். சரிபார்க்கச் சாவியைப் பார்க்கத் தேவையில்லை. இரண்டு பக்கத்திலும் சரிபார்ப்பு எண்ணை எடுத்து ஒப்பிட்டால் போதும். முதன்மை சைட்டில் மாஸ்டர் சாவியை மாற்றும் நாளில் டிஆர் சைட்டிலும் மாற்றுவது ஒரே சேஞ்ச் டிக்கெட்டாக இருக்க வேண்டும். இரண்டு டிக்கெட்டாகப் போட்டால் இரண்டாவது தள்ளிப்போகும். சாவியின் பாகங்களை வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரும் ஒரே கட்டிடத்தில் வேலை செய்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

மென்பொருள் உரிமச் சாவி இதே குடும்பம். பல நிறுவனங்களின் இசட்/ஓஎஸ், இசட்/விஎம் மென்பொருள்கள் சிபியூ எண்ணோடு கட்டப்பட்டவை. டிஆர் மெஷினில் அவை எழ மறுக்கலாம், அல்லது சில நாள் மட்டும் ஓடலாம். டிஆர் எண்ணுக்கான சாவியை இன்றே வாங்கி ஏற்றிவையுங்கள். மெஷினைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எண் மாறும், சாவியும் மாறும்.

படி 6: பிரதியும் பேக்கப்பும் ஒன்றல்ல

ஒருவர் தவறுதலாக ஒரு கெஸ்ட்டின் டிஸ்கை ஃபார்மட் செய்தால், மெட்ரோ மிரர் அந்தத் தவறை மில்லி வினாடியில் மறுபக்கம் சேர்த்துவிடும். ரான்சம்வேருக்கும் இதே கதைதான். காலத்தில் பின்னால் போக வழி வேண்டும். ஐபிஎம்மின் டிஎஸ்8000 ஸ்டோரேஜ் வரிசையில் சேஃப்கார்டட் காப்பி இதற்காகவே இருக்கிறது. ஒரு வால்யூமுக்கு 500 வரை பிரதிகள் வைக்கலாம், ஹோஸ்ட் பக்கமிருந்து அவற்றை நேரடியாகத் தொட முடியாது. இசட்/ஓஎஸ் வால்யூம்களை மட்டும் அதில் சேர்த்து, இசட்/விஎம்-ஐ வெளியே விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கெஸ்ட்டின் மினிடிஸ்கை இசட்/விஎம் பக்கமிருந்து டிடிஆர் போன்ற டிஸ்க் நகல் கருவியால் நகலெடுப்பது இன்னொரு பழைய பழக்கம். லினக்ஸ் எழுத வேண்டியதைத் தன் நினைவகத்தில் வைத்திருக்கும், நகலெடுப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை போவதற்குள் டிஸ்க் மாறியும் விடும். அந்த நகல் எந்த ஒரு நொடியின் படமும் அல்ல. கெஸ்ட்டை நிறுத்தியோ, கோப்பமைப்பை உறையவைத்து ஃபிளாஷ்காப்பி எடுத்தோ, லினக்ஸுக்குள்ளிருந்தே பேக்கப் எடுத்தோதான் இதைச் செய்ய வேண்டும்.

படி 7: இடம் போதுமா, எந்த வரிசையில் எழுப்புவது

டிஆர் மெஷினில் வழக்கமாகக் குறைந்த புராசஸர்களே இயங்கிக்கொண்டிருக்கும். தேவைப்படும்போது சிபியு எனப்படும் காப்புத் திறனை இயக்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. (பெயர் குழப்பும், இது கெப்பாசிட்டி பேக்கப்பின் சுருக்கம்.) லினக்ஸ் ஓடுவது ஐஎஃப்எல்-களில் (லினக்ஸுக்கென ஒதுக்கிய புராசஸர்கள்) என்பதால், ஒப்பந்தத்தில் ஐஎஃப்எல்-களுக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எல்பாரின் இமேஜ் புரொஃபைலில் ரிசர்வ்டு புராசஸர்களைக் குறித்துவைக்காவிட்டால், திறனை இயக்கிய பிறகும் ஓடும் எல்பாரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

நினைவகம் இன்னும் கடுமை. முதன்மை சைட்டில் இருப்பதைவிடக் குறைவான நினைவகத்தில் அதே கெஸ்ட்டுகளை எழுப்பினால் பேஜிங் ஏறும். பேஜ் இடம் தீர்ந்தால் இசட்/விஎம் பிஜிடி004 என்ற அபென்டோடு (அசாதாரண நிறுத்தம்) மொத்தமாக விழும், எல்லா கெஸ்ட்டுகளையும் இழுத்துக்கொண்டு. எனவே எந்த கெஸ்ட்டுகள் டிஆரில் எழவே வேண்டியதில்லை என்ற பட்டியல், எழ வேண்டியவற்றின் பட்டியலைவிட முக்கியம் என்பேன்.

வரிசைக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. முதலில் ராக்எஃப் (பாதுகாப்பு), டிர்மெய்ன்ட், விஸ்விட்ச் கன்ட்ரோலர்கள், டிசிபிஐபி (நெட்வொர்க்). அப்புறம் டிஎன்எஸ் (பெயரிலிருந்து முகவரி), எல்டாப் (பயனர் விவரம்) கெஸ்ட்டுகள். பிறகு டேட்டாபேஸ், கடைசியில் அப்ளிகேஷன். பல இடங்களில், சிஸ்டம் எழும்போது தானாக ஓடும் ஆட்டோலாக்1-இன் புரொஃபைலில் எல்லா கெஸ்ட்டுகளையும் ஒரே மூச்சில் எழுப்பும் ஒரு வளையம் இருக்கும். நூறு லினக்ஸ் ஒரே நேரத்தில் பூட் ஆகி, இல்லாத எல்டாப்பைத் தேடிக் காத்திருந்து, டைம்அவுட் ஆகும். குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு உண்மையிலேயே பதில் சொல்கிறது என்று பார்த்த பிறகு அடுத்ததை எழுப்புங்கள். டிஆரில் அந்த வளையம் தானாக ஓடக் கூடாது. முதல் ஐபிஎல்-இல் ஆட்டோலாக்கைத் தவிர்த்து எழுப்பும் வழியை ரன்புக்கின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 8: டெஸ்ட்டை உண்மைக்கு அருகில் கொண்டுவாருங்கள்

ஐபிஎம் பயனர்களின் ஷேர் குழு 1992-இல் டிஆர் தரத்தை 0 முதல் 6 வரை நிலைகளாகப் பிரித்தது, 7 பின்னால் சேர்ந்தது. ‘நாங்கள் ஏழாம் நிலை’ என்று சொல்லிக்கொள்வது எளிது. அந்த நிலைகள் முக்கியமாகப் பேசுவது டேட்டா எப்படிப் போகிறது, மாற்று மெஷின் இருக்கிறதா, மீட்பு தானாக நடக்கிறதா என்பதைப் பற்றி. உங்கள் சிஸ்டம் கான்ஃபிக்கில் ஒரு வரி விடுபட்டதை எந்த நிலையும் சொல்லாது. டெஸ்ட் சொல்லும்.

ஷட்டவுன் செய்யாமல் பிரதி எடுங்கள். முதன்மை சைட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரண்டாம் நிலை டிஸ்குகளிலிருந்து ஒரே கன்சிஸ்டென்சி புள்ளியில் ஃபிளாஷ்காப்பி எடுத்து, அந்த நகலில் ஐபிஎல் செய்யுங்கள். பாதுகாப்பு ரெப்ளிகேஷன் தொடர்ந்து ஓடும், டெஸ்ட்டும் உண்மைப் பேரிடரின் டிஸ்க் நிலையிலேயே நடக்கும். நெட்வொர்க்கைத் தனிமைப்படுத்துங்கள், இல்லாவிட்டால் டெஸ்ட் கெஸ்ட் அசல் ஐபி-யோடு எழுந்து அசல் சேவையைக் குழப்பும்.

வழக்கமான சிஸ்டம் புரோகிராமரை அறைக்கு வெளியே உட்காரவையுங்கள். ரன்புக்கை மட்டும் வைத்து இன்னொருவர் செய்யட்டும். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ, அங்கே ஒரு வரி எழுதப்பட வேண்டும். அந்த ரன்புக் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அன்றே பாருங்கள். மீட்க வேண்டிய லினக்ஸ் கெஸ்ட்டிலேயே ஓடும் விக்கியில் அது இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எச்எம்சி கடவுச்சொல்லும் அதே விக்கியில்தான் இருந்தது.

கிடைத்த ஓட்டைகளை ஒரு பதிவேட்டில் போடுங்கள். என்ன ஓட்டை, எந்த அடுக்கு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், அடைத்ததற்குச் சான்று என்ன. கடைசிக் கட்டத்தில் ‘முடிந்தது’ என்று எழுதுவதை ஏற்காதீர்கள். கன்சோல் பதிவின் ஒரு துண்டு, சரிபார்ப்பு எண்ணின் ஒப்பீடு என்று ஏதாவது இருக்க வேண்டும்.

படி 9: திரும்பி வருவது

பல திட்டங்கள் டிஆர் சைட்டில் அப்ளிகேஷன் ஓட ஆரம்பித்த இடத்தோடு முடிந்துவிடும். திரும்பி வரும் பாதையில் மிரரின் திசையை மாற்ற வேண்டும். தவறான திசையில் ஒத்திசைத்தால், டிஆரில் வேலை செய்த இத்தனை நாள் டேட்டாவும் பழையதால் அழியும். அந்தக் கட்டளையை ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் திசையை வாய்விட்டு வாசித்து உறுதிசெய்ய வேண்டும் என்று விதி வையுங்கள். டிஆரில் இருந்தபோது டைரக்டரியில் செய்த மாற்றங்கள், சேர்த்த மினிடிஸ்குகள், அவசரத்துக்கு மாற்றிய லோட்டெவ் வரிகள் எல்லாம் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதன்மை சைட்டில் எழும்போது படி 4 மறுபடியும் தலைகீழாக ஆரம்பிக்கும்.

காலக்கெடுக்களையும் கவனியுங்கள். சிபியு காப்புத் திறன் உண்மைப் பேரிடரில் 90 நாள் வரை, டெஸ்ட்டில் 10 நாள் வரை என்பது வழக்கமான வரம்பு. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து, தற்காலிக உரிமச் சாவிகளின் கடைசி நாளையும் சேர்த்து, டிஆர் அறிவித்த அந்த மணி நேரத்திலேயே எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.